மணல் டிப்பரை மறிப்பதா, மனு எழுதுவதா? வன்னியில் இருக்கிற இளம் ஆட்கள் என்ன செய்யலாம்?

குளத்தடிப் பொடியன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஊர்ப் பெயர் வேண்டாம், கிளிநொச்சிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 24. பட்டம் முடித்து ஒரு வருடமாகிறது. இப்போதைக்கு அப்பாவோடு வயல், பின்னேரத்தில் பத்துப் பிள்ளைகளுக்கு ரியூசன்.

எங்கள் ஊர்க் கிறவல் ரோட்டால் இரவு பத்து மணிக்குப் பிறகு மணல் டிப்பர் ஓடுகிறது. முந்தி இரண்டு, மூன்று. இப்போது முற்றத்தில் பாய் போட்டுப் படுத்தபடி எண்ணினால் ஓர் இரவுக்குப் பதினான்கு. ஆற்றங்கரை மருத மரங்கள் வேர் வெளியே தெரிய நிற்கின்றன. பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் உள்ள மதகு ஒரு பக்கம் தாழ்ந்துவிட்டது. போன மாரியில் அதில் ஓட்டோ ஒன்று சரிந்து, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கை முறிந்தது.

நான் வீடியோ எடுத்து பேஸ்புக்கில் போட்டேன். நானூறு விருப்பம் வந்தது. மூன்றாம் நாள் சிவில் உடுப்போடு இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து, "மகன் என்ன செய்யிறார், எங்கே படிச்சவர்" என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். மிரட்டவில்லை. தண்ணீர் கூட வாங்கிக் குடித்தார்கள். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. நான் வீடியோவை அழித்துவிட்டேன்.

இப்போது என் கேள்வி இதுதான். எங்களைப் போன்றவர்கள் உண்மையில் என்ன செய்ய முடியும்? கட்சியில் சேர் என்று சொல்லாதீர்கள், அதற்கு ஆட்கள் வந்து போய்விட்டார்கள். வெளிநாட்டுக்குப் போ என்றும் சொல்லாதீர்கள், அதைத் தினமும் மாமா சொல்கிறார்.

முறிகண்டிக் கச்சான்

தம்பி, முதலில் டிப்பர் ஓட்டுவது யார் என்று பார். உன்னோடு ஓஎல் சோதனை எடுத்தவனாக இருப்பான். லீசிங்கில் வாகனம், மாதம் கட்டுக்காசு, பிந்தினால் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள். மறித்தாயென்றால் முதலாளியோடு இல்லை, மச்சானோடுதான் சண்டை. முதலாளி கொழும்பில் நித்திரை.

மல்லாவி மாஸ்டர்

தம்பி குளத்தடி, நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். இந்த இழையில் என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளவும்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துச் சிறு குளமொன்றைத் திருத்தினார்கள். குளக்கட்டு வாசலில் பெரிய பலகை நட்டு, இத்தனை மில்லியன் என்று எழுதியிருந்தது. வேலை முடிந்து அடுத்த மாரிக்கே கட்டு கரையத் தொடங்கியது. ஊரில் எல்லோரும் தேநீர்க் கடையில் இருந்து கள்ளன் கள்ளன் என்றார்கள். நானும் சொன்னேன். கள்ளன் யார் என்று ஒருவருக்கும் தெரியாது.

அப்போதுதான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுத்து வாசித்தேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு அரச அலுவலகத்திலும் தகவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர் உன்னைக் கேட்க முடியாது, காரணம் சொல்ல வேண்டிய கடமை உனக்கு இல்லை. கடிதம் கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலர் என்று மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கு மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் கொழும்பில் உள்ள ஆணைக்குழு.

நான் முதல் முறை எழுதிய கடிதத்தை இப்போது பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. "குள வேலையில் ஊழல் நடந்துள்ளதா?" என்று கேட்டிருந்தேன். "இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. வேறென்ன வரும்? பிறகு என் பழைய மாணவன், தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவன், சொல்லித் தந்தான்: "சேர், கருத்துக் கேட்காதீர்கள், காகிதத்தைக் கேளுங்கள்." இரண்டாவது கடிதத்தில் மூன்று விடயம் மட்டும் கேட்டேன். வேலையின் மதிப்பீட்டுப் பிரதி, ஒப்பந்தகாரருக்குக் கொடுத்த கொடுப்பனவின் பிரதி, வேலை முடிந்தது என்று கையெழுத்திட்ட அறிக்கையின் பிரதி. ஒரு மாதம் இழுத்தார்கள். ஆனால் வந்தது.

மதிப்பீட்டில் அலைகரைக்குக் கல் பதிப்பது என்று ஒரு வரி, அளவோடு இருந்தது. குளத்தில் ஒரு கல் கூட இல்லை. அந்தத் தாளைக் கமக்கார அமைப்புக் கூட்டத்தில் வாசித்தேன். அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை, முப்பது பேர் தாளோடு அலுவலகத்துக்குப் போனார்கள். அடுத்த சிறுபோகத்துக்கு முன் கல் வந்து இறங்கியது. முழுக் கல்லும் இல்லை, முக்கால்வாசி. யாரும் சிறைக்குப் போகவில்லை. ஒப்பந்தகாரர் இப்போதும் வேறு இடத்தில் வேலை செய்கிறார்.

உன் விடயத்தில் மணல் அகழ அனுமதி கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம். அவர்களிடம் கேள். உங்கள் கிராம அலுவலர் பிரிவில் யாருக்கு அனுமதி, எந்த இடத்தில், எத்தனை கியூப், எந்தத் திகதி வரை, அனுமதியின் நிபந்தனைகள் என்ன. ஊழலா என்று கேட்காதே.

கனடாக் குளிர்

மாஸ்டர், மன்னிக்கவும், இது பிரச்சினையைச் சின்னதாக்கும் வேலை. நிலம் போகிறது, கடல் போகிறது, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடித் தாய்மார் ரோட்டில் இருக்கிறார்கள். நீங்கள் மதகுக்கும் கல்லுக்கும் மனு எழுதச் சொல்கிறீர்கள். 2022இல் கொழும்பில் பொடியள் ஜனாதிபதியையே ஓட வைத்தார்களே. ஏ9 வீதியை ஒரு நாள் மறித்தால் உலகமே பார்க்கும். நேரலைக்கு ஆகும் செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

முறிகண்டிக் கச்சான்

அண்ணை, ஏ9ஐ மறித்தால் முதலில் நிற்பது என் கச்சான் வண்டி. நேரலையில் அதையும் காட்டுங்கள்.

கரைதுறை அக்கா

கனடாத் தம்பிக்கும் மாஸ்டருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் முல்லைத்தீவு.

2017 ஜனவரிக் கடைசியில் கேப்பாப்புலவு பிலக்குடியிருப்புச் சனம், விமானப்படை பிடித்து வைத்திருந்த தங்கள் காணியைக் கேட்டு முகாம் வாசலில் போய் இருந்தபோது நானும் பக்கத்து ஊரில் இருந்து சோறு கொண்டுபோனவள். பனிக்காலம். குழந்தைப் பிள்ளைகளோடு ரோட்டோரத்தில் தறப்பாள் கட்டிப் படுத்தார்கள். பெரும்பாலும் பெண்கள். பகலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையோடு அங்கேயே இருந்து பாடம் எழுதின. மார்ச் 1ஆம் திகதி காணியை விட்டார்கள். ஒரு மாதம்.

அது சும்மா கோஷம் போட்டு நடந்தது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு குடும்பமும் தங்கள் காணிப் பத்திரம், பழைய பங்கீட்டு அட்டை, எது இருந்ததோ அதைப் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் வைத்திருந்தது. எந்தக் கிணறு யாருடையது, எந்த மாமரம் யார் வைத்தது என்று கேட்டால் நித்திரையிலும் சொல்வார்கள். அதிகாரி வந்து "இது அரச காணி" என்று சொன்னால், ஒரு கிழவி பையை அவிழ்ப்பாள். இன்னொன்று, யார் இரவு, யார் பகல், யார் சமையல் என்று முறை இருந்தது. யாரும் தனியாக இருக்கவில்லை.

இரணைதீவுச் சனமும் அப்படித்தான். தங்கள் தீவுக்குத் திரும்பவிடக் கேட்டு 2017 மே மாதம் தொடங்கி ஏறத்தாழ ஒரு வருடம் இரணைமாதாநகரில் போராட்டம் இருந்து பார்த்தார்கள். பிறகு 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வள்ளங்களில் ஏறித் தீவுக்கே போய் இறங்கினார்கள். கடற்படை பார்த்துக்கொண்டு நின்றது. ஊரே போய்ப் பழைய தேவாலயத்தில் இருந்துவிட்டால் யார் யாரைப் பிடிப்பது?

ஆனால் எல்லாம் வென்றது என்று கதை சொல்ல மாட்டேன். கேப்பாப்புலவின் மற்றப் பகுதிக் காணி முழுதும் வரவில்லை. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி போராட்டம் தொடங்கி இருந்த தாய்மாரில் எத்தனை பேர் பிள்ளையைப் பார்க்காமலே செத்துப் போனார்கள். அவர்களிடமும் காகிதம் இருந்தது. ஆணைக்குழு ஆணைக்குழுவாகக் கொடுத்த காகிதம். மாஸ்டர், காகிதம் எல்லா இடத்திலும் வேலை செய்யாது. முகாமுக்குள் இருக்கும் காணியைப் பற்றித் தகவல் கேட்டால் தேசிய பாதுகாப்பு என்று ஒரு வரியில் திருப்பி அனுப்புகிறார்கள்.

இளம் பிள்ளைகள் பற்றி ஒன்று. அந்தத் தாய்மாரின் போராட்டக் கொட்டிலுக்கு வந்தவர்களில் பலர் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரு பொடிச்சி மட்டும் மூன்று மாதம் வந்து, தாய்மார் சொன்னதை ஒரு கொப்பியில் எழுதினாள். பெயர், திகதி, கடைசியாகப் பார்த்த இடம். இன்றைக்கும் வெளியில் இருந்து யாராவது வந்து விபரம் கேட்டால் அந்தக் கொப்பியைத்தான் எடுக்கிறோம்.

கனடாக் குளிர்

அக்கா, நீங்கள் சொன்னதற்குப் பிறகு நான் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதவில்லை. ஏ9 கதையை விடுகிறேன். ஆனால் பெரிய விடயத்தை விட்டுவிடாதீர்கள் என்பதில் மாற்றமில்லை.

நெடுங்கேணி நிலா

பெரிய விடயமும் காகிதத்தில்தான் வருகிறது அண்ணா. 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியை எடுங்கள். காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், இல்லாவிட்டால் அரச காணி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார்க் காணிகளும் அதில் இருந்தன. காணி உறுதி தொலைந்தவர்கள், இந்தியாவில் இருப்பவர்கள், செத்துப்போனவர்களின் பிள்ளைகள், இவர்களெல்லாம் மூன்று மாதத்தில் எங்கே போவது? எதிர்ப்பு வந்தது, வழக்குப் போனது, அரசாங்கம் பின்வாங்கியது. எங்கள் ஊரில் அது வெளிவந்து மூன்று கிழமை வரை ஒருவருக்கும் தெரியாது. வர்த்தமானி வாசிக்கிற பழக்கம் உள்ள ஒரு பிள்ளை ஊருக்கு ஒன்று இருந்தால் போதும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கட்சியில் சேரச் சொல்லாதீர்கள் என்று குளத்தடி எழுதியிருக்கிறார். நான் சேர்ந்து பார்த்தவள். 2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தலில் வேட்பாளர். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சியிலும் இதே கதைதான் என்று பிறகு தெரிந்தது.

வேட்புமனுவில் 25 வீதம் இளையவர்கள் இருக்க வேண்டும் என்று சட்டம், 35 வயது வரை. பெண்களுக்கும் ஒதுக்கீடு. எனக்கு 26, பெண். ஒரே பெயரில் இரண்டு கணக்கும் தீரும் என்று ஒரு அண்ணை சிரித்துக்கொண்டே சொன்னார், என் முகத்துக்கு நேரேதான். பிறப்புச் சான்றிதழை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்த முறை பல இடங்களில் இளம் வேட்பாளர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி சரியாக உறுதிப்படுத்தப்படவில்லை என்றுதான் மனுக்கள் தள்ளுபடியாகின, நினைவிருக்கும். அப்போது இரவு பதினொரு மணிக்கு என் வீட்டு வாசலில் மூன்று பெரியவர்கள். என் மேல் அக்கறை இல்லை, என் சான்றிதழ் மேல்.

தோற்றேன். 61 வாக்கு. ஆனால் 300 வீட்டுக்குப் போனேன். அதில் படித்ததை எந்தப் பல்கலைக்கழகமும் தந்திருக்காது. நாங்கள் மேடையில் பேசுவது ஒன்று, சனம் கதவடியில் கேட்பது வேறு. யானை வேலி எப்போது வரும்? வனத் திணைக்களம் நட்ட எல்லைக் கல்லுக்கு உள்ளே என் தகப்பனின் தோட்டம் இருக்கிறதே, யாரிடம் கேட்பது? நுண்கடன்காரன் வந்து வாசலில் இருக்கிறான், அவனை எழுப்பிவிட முடியுமா? இதில் யானை வேலி தவிர மற்ற இரண்டும் பிரதேச சபைக்கு உரிய வேலையே இல்லை. யாரிடம் எதைக் கேட்பது என்று சொல்லிக் கொடுக்கவே ஓர் ஆள் தேவை. (யானை வேலியும் சபைக்கு உரியதல்ல என்று பிறகு ஒரு செயலாளர் எனக்கு வகுப்பு எடுத்தார்.)

இப்போது நான் செய்வது என்னவென்றால், மாதாந்தச் சபை அமர்வுக்குப் போய்ப் பின்னால் கதிரையில் இருக்கிறேன். கொப்பியோடு. யார் வந்தார்கள், யார் வரவில்லை, என்ன தீர்மானம். அமர்வு முடிந்து ஊர் வட்ஸ்அப்பில் போடுகிறேன். முதல் மாதம் என்னை யார் என்று கேட்டார்கள். மூன்றாம் மாதம் ஓர் உறுப்பினர் தானாக வந்து, "தங்கச்சி, நான் கதைத்ததை நீங்கள் போடவில்லையே" என்றார். நான்காம் மாதத்திலிருந்து நான் வந்திருக்கிறேனா என்று முதலில் பின் வரிசையைப் பார்க்கிறார்கள். சபையின் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்கலாம். அதைக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இல்லை, பார்ப்போம்.

மல்லாவி மாஸ்டர்

பிள்ளை நிலா, நல்ல வேலை. ஆனால் வட்ஸ்அப்பில் போடும்போது சொற்களில் கவனமாக இருக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் அவசரத்தில்...

நெடுங்கேணி நிலா

மாஸ்டர், உங்கள் மேல் மரியாதை இருக்கிறது. ஆனால் 26 வயதில் நான் சின்னப் பிள்ளையென்றால் எப்போது பெரிய பிள்ளை? நாற்பதிலா? எங்கள் ஊர்ச் சங்கத்தில் தலைவர் பதினொரு வருடமாக அதே ஆள். பொதுக்கூட்டத்துக்குப் போனால் "இளைஞர்கள் முன்வர வேண்டும்" என்று அவரே பேசுகிறார், முன்வந்தால் கதிரை இல்லை.

மல்லாவி மாஸ்டர்

சரி. அந்த வார்த்தையை மீளப் பெறுகிறேன். பழக்கதோஷம்.

காலபோகம்

நிலா சொன்ன சங்கத் தலைவர் எங்கள் ஊரிலும் இருக்கிறார், ஒரே ஆளோ தெரியாது.

நான் இரணைமடுக் குளத்தின் கீழ் கமம் செய்பவன். சங்கங்களைக் குறைத்து எண்ண வேண்டாம் என்று சொல்ல வந்தேன். இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குழாயில் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது, மறித்தது எந்தக் கட்சியும் இல்லை, எங்கள் கமக்கார அமைப்புகள்தான். யாழ்ப்பாணத்தாருக்குக் கோபம், எங்கள் அரசியல்வாதிகள் இரண்டு பக்கமும் தலையாட்டினார்கள். எங்கள் ஆட்கள் குளத்து நீர்மட்டத்தை வருடம் வருடமாகச் சொன்னார்கள், சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விடுபட்டது என்று கணக்கோடு சொன்னார்கள். கடைசியில் திட்டம் தாளையடியில் கடல் நீரைச் சுத்திகரிக்கும் பக்கம் திரும்பியது, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். அது சரியா பிழையா என்று இங்கே சண்டை பிடிக்க வேண்டாம், அதற்கு வேறு இழை இருக்கிறது. நான் சொல்வது, அந்தக் கணக்குக் கொப்பிதான் பேசியது.

குளத்தடி, உன் அப்பாவின் பெயரில் காணி இருக்கும்வரை கமக்கார அமைப்பில் உன்னை "அவரின்ரை மகன்" என்றுதான் சொல்வார்கள். கிராம அபிவிருத்திச் சங்கம் சுலபம். ஊரில் வசிக்கிற 18 வயது தாண்டியவர் எல்லோரும் உறுப்பினராகலாம், சந்தா தேநீர்க் காசுதான். வருடப் பொதுக்கூட்டத்துக்கு நிறைவெண் (வர வேண்டிய குறைந்த அளவு ஆட்கள்) போதாமல் இரண்டு தரம் ஒத்திவைப்பார்கள், அந்த நேரம் பார்த்துப் பத்துப் பேரோடு போ. சங்கத்தின் கடிதத் தலைப்பும் முத்திரையும் இருந்தால் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்துக்கு விடயம் போகும். தனி ஆள் எழுதினால் கோவைக்குள் போகும். சங்கம் எழுதினாலும் கோவைக்குள் போகலாம், ஆனால் அடுத்த கூட்டத்தில் எழும்பிக் கேட்க ஆள் இருக்கும்.

லயத்துப் பேரன்

இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன்.

சங்கம் சங்கம் என்கிறீர்கள். என் தாத்தா 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து கிளிநொச்சிக் காட்டை வெட்டிக் குடியேறியவர். எங்கள் ஊர் உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கும், குளத்தடி அண்ணா. எங்கள் ஆட்கள் சங்கத்தில் எங்கே இருக்கிறார்கள் தெரியுமா? கதிரை அடுக்குகிற இடத்தில். கூட்டம் முடிய மறுபடியும் கதிரை அடுக்குகிற இடத்தில். பாதிப் பேருக்குக் காணி அனுமதிப்பத்திரம் இன்னும் இல்லை. நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் எங்களைப் பார்த்து "அவங்கள் தோட்டத்து ஆக்கள்" என்று உங்கள் தேநீர்க் கடையில் சொல்கிறார்கள்.

அந்த டிப்பருக்கு மணல் அள்ளிப் போடுவது என் தம்பி. இரவுக்கு இரவு காசு. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் பத்துப் பேர் கூடி டிப்பரை நிறுத்தினால் முதலில் பசி எங்கள் வீட்டில். எங்களைக் கூப்பிடாமல் ஊர் கூடியது என்று எழுதாதீர்கள்.

குளத்தடிப் பொடியன்

லயத்துப் பேரன், நான் உங்களுக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. நான் எழுதிய "எங்கள் ஊர்" என்ற சொல்லுக்குள் நீங்கள் இருக்கவில்லை, அது உண்மை. வீடியோவில் உங்கள் தம்பியின் முகமும் இருந்திருக்கும். அதை யோசிக்கவே இல்லை.

சந்திக்கலாமா? உட்பெட்டியில் எழுதுகிறேன்.

சட்டக் கொப்பி

நான் சட்டம் படிக்கிறேன், இன்னும் சட்டத்தரணி இல்லை, ஆகவே இதை ஆலோசனையாக எடுக்காமல் கதையாக எடுங்கள்.

பயம் பற்றி யாரும் நேராகப் பேசவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் யார் என்று குளத்தடிக்குத் தெரியாது. அடுத்த முறை வந்தால் பெயர், அடையாள அட்டை, எந்த நிலையம் என்று அம்மா கேட்கலாம், கேட்பது குற்றமில்லை. நேரத்தோடு எழுதி வையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு வவுனியாவில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, முறைப்பாட்டுக்குக் காசு இல்லை, 1996 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். முறைப்பாடு கொடுத்தவுடன் எல்லாம் நின்றுவிடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு இடத்தில் பதிவாகிறது.

பேச்சு, ஒன்றுகூடல், சங்கம் சேர்தல் எல்லாம் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அதோடு 1979இல் இருந்து பயங்கரவாதத் தடைச் சட்டமும் பக்கத்தில் இருக்கிறது, 2024இல் இருந்து இணையத்தில் போடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும். 2024 சிவராத்திரி இரவு வவுனியா வெடுக்குநாறி மலைக் கோயிலில் பூசைக்குப் போன எட்டுப் பேரைப் பிடித்தார்கள், மார்ச் 19ஆம் திகதி நீதிமன்றம் விடுவித்தது. விடுவித்ததைச் சொல்கிறவர்கள் அந்தப் பத்துப் பன்னிரண்டு நாளைச் சொல்வதில்லை. அதனால் ஒன்றும் நடக்காது, துணிந்து போ என்று உங்களுக்கு எழுத என்னால் முடியாது.

செய்யக்கூடியது: வாகனத்தைக் கையால் மறிக்காதீர்கள், அந்தக் கணமே வழக்கு உங்கள் பக்கம் திரும்பும். முகம் தெரிய வீடியோ போடாதீர்கள். போடுவதானால் மதகைப் போடுங்கள், மதகு பயப்படாது. தனிப் பெயரில் எதையும் அனுப்பாதீர்கள். தகவல் அறியும் விண்ணப்பத்துக்கு மட்டும் தனிப் பெயர் போதும், ஆனால் ஒரே கேள்வியை ஐந்து பேர் ஐந்து அலுவலகத்துக்கு அனுப்பினால் யாரைத் தேடி வருவது என்று அவர்களுக்கே குழப்பம்.

கரைதுறை அக்கா

வீட்டில் அம்மாவிடம் சொல்லிவிட்டுச் செய் தம்பி. ஒளித்துச் செய்யாதே. இந்த மண்ணில் பிள்ளை சொல்லாமல் போன வீடுகள் நிறைய இருக்கின்றன. அம்மாவையும் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. தாய்மார் வந்தால் அவர்களும் ஒருமுறை யோசிப்பார்கள்.

முறிகண்டிக் கச்சான்

முதல் முறையாக இந்த இழையில் ஒருவரும் ஒருவரையும் துரோகி என்று சொல்லவில்லை. நிர்வாகிகள் கவனிக்கவும், ஏதோ கோளாறு.

கனடாக் குளிர்

நேரலைக் காசு இருக்கிறது. வேறு எதற்காவது?

காலபோகம்

தபால் செலவு, பதிவுத் தபால். பிறகு போட்டோக்கொப்பி. ஒரு வருடத்துக்கு உங்கள் ஊரில் இரண்டு கோப்பிக் காசு வரும். அதற்கு மேல் அனுப்பாதீர்கள், காசு கூடினால் சங்கத்தில் சண்டை வரும்.

குளத்தடிப் பொடியன் (ஐந்து கிழமைக்குப் பிறகு)

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததை எழுதுகிறேன்.

லயத்துப் பேரனைச் சந்தித்தேன். மூன்று தரம். முதல் தரம் இருவரும் அதிகம் பேசவில்லை. இரண்டாம் தரம் அவர் தம்பியும் வந்தார். மணல் அள்ளுவதற்கு ஓர் இரவுக்கு எவ்வளவு என்று கேட்டு, நான் ரியூசனில் எடுப்பதைவிடக் கூட என்று தெரிந்து, அறிவுரை சொல்லும் எண்ணத்தை விட்டுவிட்டேன். அவர் சொன்னார்: "அண்ணா, அனுமதி உள்ள இடத்தில், பகலில் அள்ளினால் எங்களுக்கும் நல்லது. இரவில் அள்ளுவதால்தான் கரை இடிந்து விழுந்து போன மாதம் ஒருவனுக்குக் கால் போனது." அது எங்கள் ஊருக்குத் தெரியாது. மதகில் கை முறிந்தது தெரியும், ஆற்றில் கால் போனது தெரியாது.

அதனால் கடிதத்தை மாற்றினோம். மணலை நிறுத்து என்று எழுதவில்லை. அனுமதி யாருக்கு, எந்த இடம், எத்தனை கியூப், எந்தத் திகதி வரை. மாஸ்டர் சொன்னவற்றில் நாலு கேள்வி. பிரதேச சபைக்குத் தனியாக மதகின் மதிப்பீடு கேட்டு ஒன்று.

சங்கப் பொதுக்கூட்டம் முதல் தரம் நிறைவெண் இல்லாமல் தள்ளிப்போனது. இரண்டாம் தரம் நாங்கள் பதினேழு பேர் போனோம், அதில் ஆறு பேர் லயத்துப் பேரன் பக்கத்தில் இருந்து. தலைவர் மாறவில்லை. பொருளாளர் பதவிக்கு என் பெயரைச் சொன்னார்கள், ஒரு வாக்கில் தோற்றேன். நிர்வாக உறுப்பினராக லயத்துப் பேரனின் அக்கா தெரிவானார். கூட்டம் முடிய அவர் கதிரை அடுக்கப் போனார், என் அம்மா கையைப் பிடித்து இருத்திவிட்டார். தலைவர்தான் அடுக்கினார், முகத்தைத் தூக்கிக்கொண்டு.

டிப்பர் இப்போதும் ஓடுகிறது. நேற்று ஒன்பது.

இப்போது உதவி வேண்டும். பதில் வந்திருக்கிறது, மூன்று பக்கம். ஆனால் முழுதும் சிங்களத்தில். தமிழில் கேட்டதற்குத் தமிழில்தான் தர வேண்டும் என்று நினைக்கிறேன், அதற்கும் ஒரு கடிதம் எழுதலாம், ஆனால் இன்னும் ஒரு மாதம் போகும். படம் போடுகிறேன். யாருக்காவது வாசிக்கத் தெரியுமா?

சட்டக் கொப்பி

அரசியலமைப்பின் நாலாம் அத்தியாயத்தில் மொழி உரிமை இருக்கிறது, தமிழில் பதில் பெற உரிமை உண்டு. அந்தக் கடிதத்தையும் அனுப்புங்கள், ஆனால் இதை வாசிக்காமல் விடாதீர்கள்.

லயத்துப் பேரன்

நான் புறக்கோட்டையில் கடையில் மூன்று வருடம் நின்றவன், வாசிப்பேன். வேலையால் வந்து இப்போதுதான் பார்த்தேன்.

முதல் பக்கம் சும்மா முன்னுரை. இரண்டாம் பக்கத்தில் அனுமதி ஒன்றுதான் இருக்கிறது அண்ணா. இடத்தின் பெயர் உங்கள் ஆற்றுப் பக்கம் இல்லை, அங்கிருந்து குறைந்தது ஆறு கிலோமீற்றர். கியூப் எண்ணிக்கை இருக்கிறது, அது நம் பதினான்கு டிப்பருக்கு இரண்டு இரவுக்குக்கூடக் காணாது. முடிவுத் திகதி போன மார்ச்.

மூன்றாம் பக்கம் நிழல் விழுந்து தெளிவில்லை, பெயர் அதில்தான் இருக்க வேண்டும். வெளியே வெளிச்சத்தில் வைத்து இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள்.